கணினி விசிறி வாங்கும்போது காற்றோட்டமா, நிலை அழுத்தமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் கணினி அசெம்பிள் செய்து கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களும், ஆரியங்காவு கடந்து புனலூர், தென்மலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் விசிறி பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் கடையில் சொல்லும் பதில்களை இங்கே சற்று விரிவாக எழுதியிருக்கிறேன்.

காற்றோட்டம், நிலை அழுத்தம் என்று விசிறி வரும் அட்டைப்பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

வீட்டில் இருக்கும் இரண்டு பொருள்களை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பனையோலை விசிறி ஒரே வீச்சில் நிறையக் காற்றைத் தள்ளும். ஆனால் அந்தக் காற்றுக்கு எதிரே ஒரு துணியைப் பிடித்தால் அது அங்கேயே நின்றுவிடும். அடுப்பூதும் ஊதுகுழலில் வருவது சிறிதளவு காற்றுதான் என்றாலும், அது சாம்பலையும் விறகின் இடுக்குகளையும் கடந்து தணலைப் போய்ச் சேரும். ஒரு நிமிடத்தில் எவ்வளவு காற்று நகர்கிறது என்பது காற்றோட்டம். வழியில் இருக்கும் தடையை எதிர்த்து எவ்வளவு வலுவாகத் தள்ள முடிகிறது என்பது நிலை அழுத்தம்.

காற்றோட்டத்தைச் சி.எஃப்.எம். என்ற அளவில், அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று குறிப்பார்கள். சில நிறுவனங்கள் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று அச்சிடும். ஒரு சி.எஃப்.எம். என்பது மணிக்கு சுமார் 1.7 கன மீட்டர். நிலை அழுத்தத்தை மில்லிமீட்டர் நீர் என்று குறிப்பது வழக்கம். 2 மில்லிமீட்டர் நீர் என்றால், அந்த விசிறியின் அழுத்தம் ஒரு குழாயில் நிற்கும் தண்ணீரை 2 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தள்ளி வைக்கும் என்று பொருள். கணினி விசிறி எவ்வளவு மெல்லிய விசையில் வேலை செய்கிறது என்பதும், ஒரு தூசி ஃபில்டர் அதை ஏன் அவ்வளவு பாதிக்கிறது என்பதும் இந்த அளவிலிருந்தே தெரிந்துவிடும்.

இரண்டு எண்ணும் அதிகமாக இருக்கும் விசிறியை வாங்கிவிட்டால் போதாதா?

போதாது. காரணம், அந்த இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல. எதிரே எந்தத் தடையும் இல்லாத திறந்த வெளியில் அளந்ததுதான் பெட்டியில் இருக்கும் அதிகபட்சக் காற்றோட்டம். அப்போது விசிறி தரும் நிலை அழுத்தம் பூச்சியம். விசிறியின் வாயை முழுவதும் அடைத்து அளந்ததுதான் அதிகபட்ச நிலை அழுத்தம். அப்போது காற்றோட்டம் பூச்சியம். உங்கள் கேபினெட்டுக்குள், அதாவது கணினியின் பாகங்களை அடக்கிய கூட்டுக்குள், நடப்பது இந்த இரண்டும் அல்லாத இடைநிலை.

இந்த இரண்டு முனைகளையும் இணைத்து ஒரு வளைகோடு வரையலாம், நல்ல நிறுவனங்கள் அதை வெளியிடுகின்றன. கேபினெட்டின் பக்கம் இன்னொரு கோடு உண்டு. ஃபில்டர், முன்பக்கக் கம்பிவலை, ரேடியேட்டர் (வாட்டர் கூலரில் சூடான நீரை ஆறவைக்கும் தகட்டு அடுக்கு), ஒயர்க் கட்டு எல்லாம் சேர்ந்து தரும் தடை, காற்றின் அளவு கூடக் கூட அதன் வர்க்கத்துக்கு ஒப்ப ஏறும். இரண்டு மடங்கு காற்றை அதே வழியில் செலுத்த ஏறக்குறைய நான்கு மடங்கு அழுத்தம் வேண்டியிருக்கும். இந்த இரண்டு கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ, அங்கேதான் உங்கள் விசிறி உண்மையில் ஓடும். ஆகவே விசிறியைப் பார்ப்பதற்கு முன்பு அதன் எதிரே நிற்கப்போகும் தடையைப் பாருங்கள் என்பதே என் முதல் அறிவுரை.

ஓர் எடுத்துக்காட்டோடு சொல்ல முடியுமா?

நாக்டுவா நிறுவனத்தின் இரண்டு 120 மி.மீ. விசிறிகளை எடுத்துக்கொள்வோம். என்.எஃப். எஸ்12ஏ என்பது காற்றோட்டத்துக்காக வடிவமைத்தது. நிமிடத்துக்கு 1200 சுற்றில் மணிக்கு 107.5 கன மீட்டர், அதாவது 63 சி.எஃப்.எம். தரும். அதன் அதிகபட்ச நிலை அழுத்தம் 1.19 மில்லிமீட்டர். என்.எஃப். எஃப்12 என்பது அழுத்தத்துக்காக வடிவமைத்தது. 1500 சுற்றில் மணிக்கு 93.4 கன மீட்டர், அதாவது 55 சி.எஃப்.எம். தரும். அதன் அழுத்தம் 2.61 மில்லிமீட்டர்.

உண்மையான வளைகோடு நேராக இருக்காது என்றாலும், கணக்குக்காக நேர்கோடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தடை 0.2 மில்லிமீட்டர் மட்டும் இருந்தால் முதலாவது சுமார் 53 சி.எஃப்.எம்., இரண்டாவது சுமார் 51 சி.எஃப்.எம். தருகின்றன. பெட்டியில் தெரிந்த வேறுபாடு இதற்குள்ளாகவே கரைந்துவிட்டது. தடை 1 மில்லிமீட்டர் ஆகும்போது முதலாவதில் ஏறக்குறைய 10 மட்டுமே மிஞ்சுகிறது, இரண்டாவதில் 34 மிஞ்சுகிறது.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு உண்டு. இரண்டாவது விசிறி வேகமாகச் சுற்றுகிறது, சத்தமும் அதிகம். அதையும் 1200 சுற்றுக்குக் குறைத்தால் 44 சி.எஃப்.எம்., 1.67 மில்லிமீட்டர் என்று இறங்கும். அப்போது 0.2 மில்லிமீட்டர் தடையில் காற்றோட்ட விசிறி தெளிவாக முந்துகிறது, 1 மில்லிமீட்டர் தடையில் அழுத்த விசிறி முந்துகிறது. ஒரே வேகத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் வடிவமைப்பின் வேறுபாடு தெரியும். வெவ்வேறு வேகத்தில் அளந்த எண்களை அருகருகே வைத்துத் தீர்ப்புச் சொல்வதால்தான் இந்தப் பேச்சில் குழப்பம் வருகிறது.

இறக்கையைப் பார்த்தே எது எந்த வகை என்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். இறக்கைகள் அகலமாகவும் நெருக்கமாகவும், ஒன்றுக்கொன்று இடைவெளி குறைவாகவும் இருந்தால் அது அழுத்தத்துக்கான விசிறி. இடைவெளி விட்டு, ஊடாகப் பார்த்தால் மறுபக்கம் தெரியும்படி இருந்தால் பெரும்பாலும் அது காற்றோட்டத்துக்கானது. இறக்கையின் நுனிக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள வெளியும் முக்கியம். அழுத்தம் உருவாகும்போது காற்று அந்த இடுக்கு வழியே பின்னால் கசியப் பார்க்கும். என்.எஃப். ஏ12x25 என்ற விசிறியில் இந்த இடைவெளியை 0.5 மி.மீ. அளவுக்குக் குறைத்திருக்கிறார்கள். வெப்பத்திலும் சுழற்சியிலும் இறக்கை நீண்டு சட்டத்தில் உரசக் கூடாது என்பதற்காக அதற்கென்று தனி பிளாஸ்டிக் தேவைப்பட்டது. விலை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த இடத்துக்கு எந்த விசிறி?

வாட்டர் கூலரின் ரேடியேட்டருக்கும், தகடுகள் நெருங்கிய ஹீட்சிங்குக்கும் (பிராசசரின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பாகம்) அழுத்த விசிறியே வேண்டும். ரேடியேட்டரில் ஓர் அங்குலத்துக்குள் எத்தனை தகடுகள் இருக்கின்றன, அது எவ்வளவு தடிமன் என்ற இரண்டும் தடையை முடிவு செய்யும். கேபினெட்டின் பின்பக்கத்தில் வெறும் கம்பிவலை மட்டும் இருந்தால், காற்றை வெளியேற்றக் காற்றோட்ட விசிறி போதும்.

முன்பக்கத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். "கேபினெட் விசிறி என்றால் காற்றோட்ட வகை" என்பது பழைய விதி. 2012-ஆம் ஆண்டில் கோர்செர் நிறுவனம் ஏ.எஃப். (காற்றோட்டம்), எஸ்.பி. (நிலை அழுத்தம்) என்று இரண்டு வரிசைகளாகப் பிரித்து விற்கத் தொடங்கிய பிறகு, ரேடியேட்டருக்கு ஒன்று, கேபினெட்டுக்கு மற்றொன்று என்ற எண்ணம் வாங்குவோர் மனத்தில் ஊன்றிவிட்டது. ஆனால் முன்பக்கம் கண்ணாடி அல்லது மூடிய பிளாஸ்டிக், அதன் பின்னே தூசி ஃபில்டர், காற்று நுழைய ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று என்று இருக்கும் கேபினெட்டும் ரேடியேட்டரைப் போன்ற ஒரு தடைதான். அத்தகைய கேபினெட்டுக்கு முன்னாலும் நான் அழுத்த விசிறியையே பரிந்துரைக்கிறேன். முன்பக்கம் முழுவதும் வலையாகத் திறந்திருந்தால் மட்டுமே மற்ற வகையைப் பற்றி யோசிக்கலாம். ஆர்க்டிக் பி12 போன்ற, குறைந்த விலையிலும் 2 மில்லிமீட்டருக்கு மேல் அழுத்தம் தரும் விசிறிகள் வந்துவிட்டதால், எல்லா இடத்துக்கும் ஒரே நடுத்தர வகையை வாங்குவதிலும் பெரிய இழப்பு இல்லை.

எங்கள் ஊரில் தூசி அதிகம். ஃபில்டர் போட்டால் சூடு ஏறுகிறது, எடுத்தால் உள்ளே தூசி படிகிறது. என்ன செய்வது?

செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் இதுதான் உண்மையான கேள்வி, மற்றவையெல்லாம் இதற்கு அடுத்தவை. இங்கே மரக்கடைகளும் மர அறுவை மில்களும் நிறைய உண்டு. மரத்தூள் சாதாரண மண் தூசியைப் போல் வலையின் கண்ணில் நுழைந்து வெளியேறிவிடாது. நார் நாராக வலையில் பின்னிக்கொண்டு, நாளடைவில் கம்பளிபோல் ஒரு படலத்தை உண்டாக்கிவிடும்.

அறுவை மில் ஒன்றின் அலுவலகக் கணினி அடிக்கடி தானே அணைந்துபோவதாகச் சொல்லி என்னிடம் வந்தது. முன்பக்கத்தில் இருந்த மூன்றும் நல்ல காற்றோட்ட விசிறிகள், மூன்றும் சுற்றிக்கொண்டும் இருந்தன. ஆனால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பார்த்தபோது முன்பக்கத்தில் அது ஒட்டவே இல்லை. ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, உலர்த்தி, திரும்பப் பொருத்தியவுடன் அதே விசிறிகளில் தாள் ஒட்டி நின்றது. அவர்கள் புது விசிறி வாங்கத் தயாராக வந்திருந்தார்கள். நான் விற்கவில்லை. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தட்டி எடுக்கும்படி மட்டும் சொல்லி அனுப்பினேன். பிறகு அந்த விசிறிகள் பழையதாகி மாற்ற வேண்டிய நாள் வந்தபோதுதான் முன்பக்கத்துக்கு அழுத்த வகையைப் பொருத்தினேன். ஃபில்டர் பாதி அடைபட்ட நிலையிலும் காற்று ஓரளவு தொடர்ந்து வர வேண்டும் என்பதே அந்தத் தேர்வுக்குக் காரணம்.

தூசி உள்ள இடத்தில் இருப்பவர்கள், ஃபில்டர் புதிதாக இருக்கும் நாளை வைத்து விசிறியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கழுவுவதற்கு முந்தைய நாள் அது எப்படி இருக்குமோ, அந்த நாளை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஃபில்டரை ஒருபோதும் முழுவதுமாக எடுத்துவிடாதீர்கள். வெளியே வலையில் படியும் தூசியை நீங்கள் இரண்டு நிமிடத்தில் தட்டிவிடலாம். அதே தூசி கிராபிக்ஸ் கார்டின் தகடுகளுக்குள் படிந்தால் எல்லாவற்றையும் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

உள்ளே இழுக்கும் விசிறி அதிகமாக இருக்க வேண்டுமா, வெளியேற்றும் விசிறி அதிகமாக இருக்க வேண்டுமா?

உள்ளே இழுப்பது சற்று அதிகமாக இருக்கட்டும். வெளியேற்றுவது அதிகமானால், குறைபடும் காற்று ஃபில்டர் இல்லாத ஒவ்வோர் இடுக்கு வழியாகவும் தூசியோடு உள்ளே நுழையும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது. முன்னால் இரண்டு விசிறிகள் ஃபில்டரின் பின்னே திணறிக்கொண்டிருக்க, பின்னால் ஒன்று தடையின்றி ஓடினால், கணக்கில் உள்ளே இழுப்பது அதிகம்போல் தெரிந்தாலும் நடப்பது நேர்மாறாக இருக்கக்கூடும்.

என் கணினிக்கு எத்தனை சி.எஃப்.எம். தேவை?

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கணினி எடுக்கும் மின்சாரத்தை வாட்டில் எழுதி 1.76-ஆல் பெருக்குங்கள். உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று எத்தனை டிகிரி செல்சியஸ் சூடாக இருக்கலாம் என்று முடிவு செய்து, அந்த எண்ணால் வகுங்கள். 400 வாட் எடுக்கும் கணினியில் 10 டிகிரி வேறுபாட்டை அனுமதித்தால் தேவை 70 சி.எஃப்.எம். மட்டுமே. சித்திரை, வைகாசியில் அறை 36 டிகிரியில் இருக்கும்போது கேபினெட்டிலிருந்து வெளியேறும் காற்று 46 டிகிரியில் இருக்கும் என்று இதற்குப் பொருள்.

70 என்பது பலரும் எதிர்பார்ப்பதைவிடச் சிறிய எண். ஆனால் அது கேபினெட் வழியாக உண்மையில் கடந்துபோக வேண்டிய காற்று, பெட்டியில் அச்சிட்ட காற்று அல்ல. ஃபில்டரும் வலையும் உள்ள கேபினெட்டில் அச்சிட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. அப்படிப் பார்த்தால், 55 சி.எஃப்.எம். விசிறிகள் மூன்றை முன்னால் வைக்கும்போது 80-க்குச் சற்று மேல் வரும், அது போதும். இதற்கு மேல் விசிறிகளைக் கூட்டிக்கொண்டே போவதால் கிடைப்பது மிகக் குறைவு. எத்தனை விசிறிகள் போட்டாலும் கேபினெட்டின் உட்புறம் அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது.

வேகத்தைக் கூட்டினால் போதாதா? சத்தம் எவ்வளவு கூடும்?

வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றோட்டம் இரண்டு மடங்கு, அழுத்தம் நான்கு மடங்கு, விசிறி இழுக்கும் மின்சாரம் எட்டு மடங்கு ஆகும். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று இறங்கும்போது நம் பக்கத்துக் காற்றாலைகள் அத்தனை வேகமாக உற்பத்தியைக் கூட்டுவதற்குக் காரணமும் இதே எட்டு மடங்கு விதிதான்: காற்றின் வேகம் இரு மடங்கானால் அதில் இருக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். காற்றாலை அந்த ஆற்றலைப் பெற்றுக்கொள்கிறது, கணினி விசிறி அதைச் செலவு செய்கிறது.

விசிறியின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் கூடும், அது பெரிய வேறுபாடு. மாறாக, ஒரே அளவு சத்தம் உள்ள இன்னொரு விசிறியைச் சேர்த்தால் 3 டெசிபெல் மட்டுமே கூடும். அதனால் இடம் இருந்தால், ஒன்றை வேகமாக ஓட்டுவதைவிட இரண்டை மெதுவாக ஓட்டுவதே காதுக்கு நல்லது.

சத்தத்துக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். விசிறி காற்றை இழுக்கும் பக்கத்தில், ஓட்டை போட்ட தகட்டை ஒட்டியே பொருத்தியிருந்தால், இறக்கைகள் அந்த ஓட்டைகளின் பின்னே வரும் கலங்கிய காற்றை வெட்டி ஒரு ரீங்காரத்தை எழுப்பும். சில மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும்படி ஒரு சட்டத்தை இடையில் வைத்தால் அது தணியும்.

இரண்டு விசிறிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் இரட்டிப்புக் காற்று வருமா?

வராது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காற்றோட்டம் கூடும், முன்னும் பின்னுமாக வைத்தால் அழுத்தம் கூடும். தடிமனான ரேடியேட்டரின் இருபுறமும் விசிறி வைப்பது இரண்டாவது வகை. தடை அதிகமாக இருக்கும் இடத்தில்தான் அதற்குப் பயன் உண்டு.

120 மி.மீ. நல்லதா, 140 மி.மீ. நல்லதா?

கேபினெட்டில் 140 பொருந்தினால் அதையே போடுங்கள், அதே காற்றைக் குறைந்த வேகத்தில் தரும். தடிமன் 25 மி.மீ. இருக்கட்டும். 15 மி.மீ. மெல்லிய வகையை வேறு வழியில்லாத சிறிய கேபினெட்டுக்கு மட்டும் வாங்குங்கள்.

மூணாறு எஸ்டேட்டில் இருக்கிறோம். மலைமேல் விசிறி வேறு மாதிரி வேலை செய்யுமா?

செய்யும். கடல்மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 14 சதவீதம் குறைவு. விசிறி அதே கன அளவு காற்றைத்தான் தள்ளும், ஆனால் அந்தக் காற்றின் எடை குறைந்திருப்பதால் அது சுமந்து செல்லும் வெப்பமும் குறையும், நிலை அழுத்தமும் அதே விகிதத்தில் இறங்கும். கீழே 10 டிகிரி ஏறும் இடத்தில் மேலே ஏறக்குறைய 11.5 டிகிரி ஏறும். ஆனால் உங்கள் அறையே எங்கள் அறையைவிட 10 டிகிரிக்கும் மேல் குளிர்ந்திருக்கும் என்பதால் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. மலையில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஈரம்.

சாரல் காலத்தில் விசிறி கரகரவென்று சத்தம் போடுகிறது. அது ஏன்?

ஈரமும் தூசியும் சேர்ந்தால் இறக்கையின் முன்விளிம்பில் பசைபோல் ஒரு படிவு ஏறும். எல்லா இறக்கைகளிலும் அது சமமாக ஏறாததால் எடை ஒருபுறம் சாய்ந்து அதிர்வு வரும். உலர்ந்த தூரிகையாலும், பிழிந்த ஈரத்துணியாலும் இறக்கையைத் துடைத்துப் பாருங்கள், பாதி விசிறிகள் அதிலேயே சரியாகிவிடும். துடைக்கும்போதும் ஊதும்போதும் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றழுத்தத்தில் அதைத் தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும்.

துடைத்த பிறகும் சத்தம் நீடித்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. விலை குறைந்த ஸ்லீவ் பேரிங்கில் வெப்பத்தால் எண்ணெய் வற்றும், விசிறியைப் படுக்கை வசமாகக் கேபினெட்டின் மேற்கூரையில் பொருத்தினால் இன்னும் விரைவில் தேயும். ஃப்ளூயிட் பேரிங் உள்ளதை வாங்குங்கள். பால் பேரிங் எந்த நிலையிலும் உழைக்கும், ஆனால் சற்றுச் சத்தம் இருக்கும்.

மூன்று பின், நான்கு பின்: எதை வாங்குவது?

விசிறி ஒயரின் முனையில் நான்கு பின் உள்ளதையே வாங்குங்கள். மதர்போர்டு அதன் வேகத்தை வெப்பத்துக்கு ஏற்பத் தானே கூட்டிக் குறைக்கும். ஒரே இணைப்பிலிருந்து பல விசிறிகளைப் பிரித்து எடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். பெரும்பாலான மதர்போர்டுகளில் ஓர் இணைப்பு 1 ஆம்பியர்தான் தாங்கும்.

பொருத்திய பிறகு சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் திசையைப் பாருங்கள். மோட்டாரைத் தாங்கும் கால்கள் தெரியும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். சட்டத்தின் ஓரத்தில் அம்புக்குறி இருந்தால் அதுவும் இதையே காட்டும்.

பிறகு அறையின் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கேபினெட்டின் முன்பக்கம் முழுவதும் மெதுவாக நகர்த்துங்கள். நல்ல விசிறி, திறந்த வழி என்றால் புகை வளையாமல் உள்ளே இழுபடும். ஓரங்களில் மட்டும் இழுபட்டு நடுவில் நின்றால் அந்த இடத்தில் ஃபில்டர் அடைபட்டிருக்கிறது. அதன்பின் பின்பக்க இடுக்குகளில் பிடித்துப் பாருங்கள். காலியான ஸ்லாட் தகடுகளின் வழியே புகை உள்ளே போனால், உள்ளே இழுக்கும் பக்கம் குறைபடுகிறது. பின்பக்க விசிறியின் வேகத்தை ஒவ்வொரு முறையும் 100, 200 சுற்று வீதம் குறைத்து, புகை அங்கே அசையாமல் நேராக மேலே எழும் வரை சரிசெய்யுங்கள்.

அதே ஊதுபத்தியை ஃபில்டரை எடுத்துவிட்டு ஒருமுறையும், பொருத்தி ஒருமுறையும் காட்டிப் பார்த்தால், உங்கள் கேபினெட்டின் தடை எவ்வளவு என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். இரண்டு முறையும் புகை ஒரே மாதிரி இழுபட்டால் காற்றோட்ட விசிறியே போதும். ஃபில்டரைப் பொருத்தியதும் புகை தயங்கி நின்றால் அழுத்த விசிறியைக் கேட்டு வாங்குங்கள்.